அக்குள் கிழிந்த வெள்ளைச் சட்டை

எட்வின்,

இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு பேனாவைத் திறக்கிறேன். ஸ்பீட் போஸ்டில் போட்டால் மூன்று நாளில் பம்பாய் போய்விடும் என்று தபாலாபீஸ் பெண் சொன்னாள். நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டிருந்தால் அந்தப் பெண் என்மேல் முத்திரை குத்தியிருப்பாள். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். சேக்காடு முனையில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்துக்கு போன வாரம் மூன்று முறை போனேன். நீ எடுத்ததும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், அங்கே மழையா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை நீயே சிரித்தாய். "என்னம்மா, சும்மாவா கூப்பிட்ட?" என்றாய். சும்மா இல்லை. சும்மா ஒருத்தி அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடப்பாளா?

சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும், நேராகச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ டிரங்குப் பெட்டியோடு எடுத்துப் போனாயே உன் அப்பாவின் வெள்ளைச் சட்டை, வெள்ளிக்கிழமை கடற்படைக்காரர்கள் புதிதாகத் திறக்கிற நினைவு அறையில் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறார்களே, அந்தச் சட்டையை உன் அப்பா போட்டதே இல்லை. அது நான் தைத்தது. எண்பத்தைந்தாம் வருஷம், நம் ஆவடி குவார்ட்டர்ஸில், ஜன்னலோரம் கிடந்த அந்த மிதி மிஷினில் தைத்தது. கோபத்தில் கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாதே. முழுவதும் படி. படித்த பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

உண்மையான சட்டை எப்படி நம்மிடம் வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். உன் அப்பா கடைசி லீவில் வந்தபோது உனக்கு ஒன்பது மாதம். உன்னைத் தூக்கிக் கூரைவரை போட்டுப் பிடிப்பார், நான் கத்துவேன். அப்படி ஒரு நாள் போட்டுப் பிடித்ததில்தான் வலது அக்குளில் தையல் விட்டு, துணியும் கொஞ்சம் கிழிந்தது. கிளம்புகிற அன்று அதைக் கொடியில் போட்டுவிட்டு, "தைச்சு வை, அடுத்த லீவுல வந்து போட்டுக்கிறேன்" என்றார். அடுத்த லீவு வரவில்லை. எழுபத்தொன்று சண்டை வந்தது, கப்பல் மூழ்கியது, தந்தி வந்தது. அவருடைய மற்ற சாமானெல்லாம் அவரோடு கடலுக்குள் போய்விட்டது. மிஞ்சியது அந்தக் கிழிந்த சட்டை, மூன்று இன்லண்ட் கடிதம், மறந்து வைத்துவிட்டுப் போன ஷேவிங் பிரஷ், அவ்வளவுதான். அப்புறம் எனக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில் வேலை கொடுத்தார்கள். ஊரிலுள்ள பட்டாளத்துக்கெல்லாம் சட்டை தைத்தேன், அந்த ஒரு கிழிசலை மட்டும் தைக்கவில்லை. தைத்தால் அவர் வந்து போட்டுக்கொள்ள வேண்டுமே. யார் வந்து போட்டுக்கொள்வது?

உன் ரெஜினா அத்தைக்கு அந்தக் கிழிசல் என்றால் உயிர். அப்பா அம்மா இல்லாத தம்பியைப் பூந்தமல்லியில் இட்லி விற்று வளர்த்து, கடற்படையில் சேர்த்துவிட்டவள் அவள். கல்லறைத் திருநாள் வந்தால் எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியுமாகப் போவார்கள். கடலில் போனவருக்கு எந்தக் கல்லறை? நாம் பெரிய சிலுவையடியில் கும்பலோடு ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவோம். இரண்டாவது வருஷமே அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "அனாதப் பொணத்துக்கு ஏத்துற மாரி இன்னாடி இது? எந்தம்பி சட்டைய எடுத்துக்கினு வா. அதுதான் அவன் ஒடம்பு" என்றாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் சட்டை ஒரு தட்டில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். அத்தை சட்டையைத் தூக்கி முத்தம் கொடுத்து, அந்தக் கிழிசலுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுவாள். பிறகு என் கையில் தருவாள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீயும் விரலை விடுவாய், உனக்கு ஞாபகம் இருக்கும்.

இதில் என் தவறு எங்கே தெரியுமா? என் பெருமையில்தான். உன் அப்பாவுக்குச் சட்டை மொடமொடவென்று நிற்க வேண்டும், கசங்கியிருந்தால் சாப்பாடே இறங்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் திருநாளுக்கு முதல் நாள் நல்ல பச்சரிசிக் கஞ்சியில் முக்கி, நீலம் போட்டு, இஸ்திரி செய்து கொண்டுபோவேன். தீர்த்தம் பட்டு, ஐப்பசி மழைத் தூறல் பட்டு, ஈரமாகத்தான் வீட்டுக்கு வரும். தீர்த்தம் பட்ட துணியைக் கொடியில் போடாதே, கீழே சொட்டினால் பாவம் என்பாள் அத்தை. அவளை எதிர்த்துப் பேச எனக்கு வாய் ஏது? அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். கஞ்சியும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தையல் தெரிந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். என் பக்கத்து மிஷின் தனலட்சுமி சொல்லவும் சொன்னாள். "அக்கா, கஞ்சி போட்டுப் பெட்டில வெக்காதீங்க, பூச்சிக்கு எலை போட்டு விருந்து வெக்கற மாதிரி." நான் என்ன செய்தேன்? அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. என் புருஷன் சட்டையைப் பற்றிச் சொல்ல இவள் யார் என்று ஒரு திமிர்.

எண்பத்தைந்தில் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஓதம். திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கஞ்சி போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மேல்மடிப்பு நன்றாகத்தான் இருந்தது. தூக்கினேன், கையோடு வந்தது மேல்மடிப்பு மட்டும்தான். உள்ளே பூஞ்சை கறுத்து, ராமபாணப் பூச்சி அரித்து, முதுகும் கையும் இற்றுப்போய் மாவாக உதிர்ந்தது. எட்வின், தந்தி வந்த அன்று நான் சத்தம் போட்டு அழவில்லை, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அழுதேன். கடல் எடுத்ததற்கு நான் பொறுப்பில்லை. மிச்சம் வைத்ததை நான் தின்னக் கொடுத்துவிட்டேன். காவலுக்கு இருந்தவளே பறிகொடுத்த கதை.

அழுது முடித்ததும் வந்தது பயம். நாளை மறுநாள் அத்தை பூந்தமல்லியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவாள். அவளிடம் என்ன சொல்வது? ஆவடி மார்க்கெட்டில் போய் வெள்ளை டிரில் துணி வாங்கிவந்தேன். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மிச்சமிருந்த துண்டுகளைத் தரையில் பரப்பி அளவெடுத்தேன். அவருடைய தோள் அகலம் என் கைக்கு மறக்கவில்லை. மழையால் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், நீ சொட்டச் சொட்ட வந்து நின்றாய். "என்னம்மா தைக்கிற?" என்றாய். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், உனக்குத்தான், பூசைக்கு உதவி செய்யும்போது போட்டுக்கொள்ள அங்கி என்றேன். உன் முகம் அப்படி மலர்ந்தது. கோயிலில் உனக்குக் கிடைத்திருந்த அங்கி முழங்காலுக்கு மேலே நிற்கும், மற்ற பையன்கள் கேலி செய்வார்கள். கிறிஸ்துமஸ்வரை தினமும் கேட்டாய், அங்கி எங்கேம்மா, அங்கி எங்கேம்மா என்று. ஒரு நாள் எரிச்சலில் கன்னத்தில் அறைந்துவிட்டேன். எதற்கு அடித்தேன் என்று உனக்கு அன்றைக்குப் புரிந்திருக்காது, இன்றைக்குப் புரிந்துகொள். அந்த அடி உனக்கு விழ வேண்டியது இல்லை.

சட்டை முடிந்தது. ஆனால் புதுச் சட்டை புதுச் சட்டையாகத்தானே இருக்கும்? துவைகல்லில் போட்டு அடித்து அடித்துத் துவைத்தேன். அடுப்பு வெக்கையில் காய வைத்தேன். டீத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கினேன். அப்படியும் முரடாக நின்றது. கடைசியில் நானே ரவிக்கைமேல் அதைப் போட்டுக்கொண்டு சமையல் செய்தேன், அம்மி அரைத்தேன், வீடு மெழுகினேன். நல்ல வேளை, நீ வெளியே விளையாடப் போயிருந்தாய். எல்லாம் முடிந்து கழற்றிப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது, கிழிசல் இல்லை. அத்தை முதலில் தேடுவது அதைத்தானே. கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு நேராக இருக்கும், கண்டுபிடித்துவிடுவாள். தையலைப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கிழித்தேன். பதினான்கு வருஷம் தைக்க முடியாத கிழிசலை நானே உண்டாக்கினேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அத்தை வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் சட்டையைத் தூக்கினாள். விரலை விட்டாள், முகத்தில் வைத்து மோந்தாள். "இத்தினி வருசம் ஆயும் எந்தம்பி வாசன அப்டியே கீதுடி" என்றாள். அது என் வியர்வை, எட்வின். சிரிப்பதா சாவதா என்று தெரியவில்லை எனக்கு. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த வருஷம் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வருஷம் இரண்டு பொய் ஆகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பரிமாறும்போதெல்லாம் கரண்டி இடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பாகப் போனது. உனக்கு ஜனவரியில் கல்யாணம். ஸ்டெல்லாவிடம் எதையாவது உடைத்தால், தொலைத்தால், அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கத்துவாள், கத்தட்டும். ஒரு நாள் கத்தலுக்குப் பயந்து பன்னிரண்டு வருஷம் பயந்தவள் சொல்கிறேன்.

கடிதங்களைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். அவை மூன்றும் உண்மையானவை, அவர் கையெழுத்து. மடிப்பில் கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்டினேன், அது பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிட்டது. "குழந்தைக்கு" என்பதற்கு அப்புறம் என்ன எழுதியிருந்தார் என்று இப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அந்த டேப்பை உரிக்கப் பார்க்காதே, மிச்சமும் வந்துவிடும். யார் சொன்னாலும் லேமினேஷன் போடாதே. பம்பாயும் ஈர ஊர்தான், பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே, பருத்தித் துணியில் சுற்றி வை. வசம்பு வை, காய்ந்த வேப்பிலை வை. அந்துருண்டை போட்டால் காகிதத்தில் படாமல் போடு. மாதம் ஒரு தடவை திறந்து காற்றாட விடு. பூட்டி வைப்பதுதான் காப்பாற்றுவது என்று நினைத்துக் கெட்டவள் நான்.

இத்தனை வருஷம் மறைத்தவள் இப்போது ஏன் சொல்கிறாள் என்று கேட்பாய். வீட்டுக்குள் இருந்தவரை அது என் பாவம், அத்தையின் ஆறுதல், அதோடு போயிற்று. நீ போனில் என்ன சொன்னாய்? "பேர் எழுதி வெப்பாங்கம்மா, பெரிய ஆபீசர் வந்து சல்யூட் அடிப்பாரு" என்றாய். உன் அப்பாவோடு அந்தக் கப்பலில் போனவர்களின் பெண்டு பிள்ளைகளும் அங்கே வருவார்கள். அவர்களும் என்னைப்போல எதையோ பொத்திப் பொத்தி வைத்திருந்து கொண்டுவருவார்கள். அவற்றின் நடுவில் ஆவடி மார்க்கெட் துணி உட்கார்ந்துகொண்டு சல்யூட் வாங்கலாமா? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு மடியே கனமாகிவிட்டது.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அத்தையிடம் சொல்லியாக வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் கிழிசலுமா?" என்றாள்.

"ஆமாக்கா. நான்தான் கிழிச்சேன்."

"வாசன?"

"என்னோடதுக்கா."

கத்தியைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பழசு எங்கடி?" என்றாள். "எரிச்சிட்டியா? குப்பையில போட்டியா? சொல்லித் தொல."

எழுந்து வாருங்கள், காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். ஆவடி வரைக்கும் பஸ்ஸில், இருவர் உட்காரும் சீட்டில் எனக்கும் அவளுக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்து, மேற்குச் சுவரோரம், குழாயடிக்குப் போகிற வழியில் நிறுத்தினேன். புல் முளைத்துக் கிடந்தது. எண்பத்தைந்து திருநாள் அன்று, உதிர்ந்த சட்டையை ஒரு நூல்கூட விடாமல் திரட்டி, பிஸ்கட் டின்னில் போட்டு, துணிப்பையில் என்னோடு எடுத்துப் போயிருந்தேன். புதுச் சட்டைக்கு ஃபாதர் தெளித்த தீர்த்தம் என் பைமேலும் விழுந்தது. அத்தை தோழிகளோடு பேசப் போனாள், நீ மற்ற பீடப் பையன்களோடு ஃபாதர் பின்னால் போய்விட்டாய். அன்றைக்கு அங்கே எல்லார் கையிலும் மண்வெட்டி, எல்லாரும் அவரவர் கல்லறையைக் கொத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி குழி வெட்டுவதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு முழம் வெட்டி, டின்னை வைத்து மூடினேன். தனியாக ஒரு ஜெபம் சொன்னேன். கோயிலில் கேட்காமல் செய்தது தப்புத்தான், அதையும் சேர்த்தே இப்போது சொல்லிவிடுகிறேன். உன் அப்பா கடைசியாகப் போட்டுக் கழற்றிய சட்டை அங்கேதான் இருக்கிறது, எட்வின்.

அத்தை அந்த ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, தண்ணி புடிக்கப் போறப்பல்லாம் மிதிச்சிகினு போனேனேடி" என்றாள். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சட்டை விஷயத்தில் ஏமாந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தூக்கிவிடக் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். தானே எழுந்து, தானே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இனி வெள்ளிக்கிழமை விஷயம். முடிவு உன்னுடையது, ஆனால் பொய்யாக மட்டும் வைத்துவிடாதே. உள்பக்கம் கீழ் விளிம்பில் அவர் பெயரும் நம்பரும் கறுப்பு மையில் குத்திய இரண்டு விரல் அகலத் துண்டு இருக்கும். அது மட்டும் பழைய சட்டையில் பூச்சி தொடாமல் இருந்தது, டின்னில் போடாமல் அதை வெட்டிப் புதியதில் வைத்துத் தைத்தேன். அங்கே இருக்கிற பொறுப்பாளரிடம் இந்தக் கடிதத்தையே காட்டு. இன்னார் மனைவி தைத்தது என்று எழுதி வைக்க ஒப்புக்கொண்டால் வை. முகம் சுளித்தால், கோபித்துக்கொள்ளாதே, அவர்கள் மேல் தப்பில்லை. அந்தத் துண்டை மட்டும் பிரித்துக் கொடு, பிளேடு போடாதே, இடது முனையில் முடிச்சை ஊசியால் நெம்பினால் நூல் முழுதாக உருவிக்கொண்டு வரும். சட்டையை எனக்குத் திருப்பிக் கொண்டுவா. என்மேல் கோபம் இருந்தால் கோபத்தோடேயே கொண்டுவா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அத்தை பேசாததே என்னைப் பாதி கொன்றுவிட்டது.

இதுவரை எழுதிவிட்டு, கவரில் பசை தடவப் போனபோது வாசலில் சத்தம். அத்தை நிற்கிறாள். கூட ஆட்டோக்காரர், அவர் தோளில் அரை மூட்டை சுண்ணாம்பு, கையில் வெள்ளையடிக்கிற மட்டை. உள்ளே வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயிலில் போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி, என்னைத் திட்டவைத்து, அந்த இடத்தில் சிலுவை நட அனுமதியும் வாங்கிவிட்டாளாம். கொத்தனார் நாளைக்கு மேடை கட்டுகிறாராம். நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத. உன்னாண்ட அப்பறம் வெச்சிக்கிறேன்" என்றாள். "புள்ளைக்கு எழுது. திருநாளுக்கு முன்னாடி வந்துடணும்னு எழுது. அப்பன் கல்லறைக்கு வெள்ள அடிக்கிறது மவன் வேல. கூலிக்கு ஆள் வெக்க மாட்டேன்னு நான் சொன்னேன்னு எழுது."

எழுதிவிட்டேன். சுண்ணாம்பை இன்னும் ஊற வைக்கவில்லை. எந்த ரயில் என்று மட்டும் சொல்.

உன் அம்மா